எழுதிக் கொடுத்த அளவு

மாமாவின் எண் இந்தத் தடவையும் இறங்கவில்லை.

டாக்டரம்மா தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. போன தடவையைவிடக் கூடியிருந்தது. மாமா தாளைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பாதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கெங்கே மரத்துப்போகும், எங்கெங்கே புண் வரும் என்று அதில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். மாமாவின் இடது காலில் பெருவிரலை அடுத்த விரல் அப்படி ஒரு வட்டத்துக்குள் வந்துவிட்டிருந்தது. கட்டுப் போட்டு, பாதி திறந்த செருப்புக்குள் நுழைத்திருந்தார்.

"ஊசி தவறாம போடுறீங்களா?"

"போடுறேன்மா."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

"எழுதிக் குடுத்த அளவு?"

"அதுல ஒரு சொட்டு குறையாது. காலம் பூரா கண்டக்டர் வேலை பார்த்தவன்மா. கணக்குல பிசகினா வீட்டுக்கு அனுப்பிடுவான்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மாமா ஊசி போட்டுக்கொள்வதை நான் பார்த்ததில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார். மருமகன் முன்னால் பனியனைத் தூக்கக் கூச்சம் என்பார்.

"அப்போ அளவு பத்தலைன்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா. இருபத்தெட்டு யூனிட் என்று இருந்ததை அடித்துவிட்டு முப்பத்தாறு என்று எழுதினார். போன தடவை இருபதை அடித்து இருபத்தெட்டு ஆக்கியதும் அதே கைதான்.

அந்த மையத்தில் இன்சுலின் வெளிக்கடை விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். அதனால் இடத்துக்கு அடிதடி. ஒருவர் போனால்தான் இன்னொருவர் உள்ளே வரலாம். திட்டத்துக்குப் பணம் தருகிறவர்களுக்கு எத்தனை பேருக்கு மருந்து போனது என்று காட்டினால் போதாது. எத்தனை பேருக்குச் சர்க்கரை இறங்கியது என்றும் காட்ட வேண்டும். தொடர்ந்து இறங்காதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். வாசலில் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள். வாங்கிய மருந்தைச் சேர்த்து வைத்தாலோ வேறு ஆளுக்குக் கொடுத்தாலோ பெயர் நீக்கப்படும் என்பதும் அதே பலகையில்தான்.

"அடுத்த தடவை இறங்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. "விரலும் அப்படித்தான். சர்க்கரை இறங்காம இந்தப் புண் ஆறாது. ஆறலைன்னா சர்ஜன்கிட்ட அனுப்பணும். விரலோட நிக்குமா, பாதம் வரைக்கும் போகுமான்னு அவர் பார்த்துத்தான் சொல்வார்."

"பாதம் போச்சுன்னா செருப்பு ஒண்ணு வாங்கினா போதும். கடைக்காரன் பாதி விலைக்குத் தருவானா?" என்றார் மாமா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாமா தானே சிரித்துக்கொண்டார்.

வெளியே மருந்துச் சன்னலில் சிஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பாட்டில்களை எடுத்து ஐஸ் பையில் வைத்துக் கொடுத்தாள். பையைக் கையில் வாங்கியதும் மாமா முகம் தெளிந்துவிட்டது. இன்னும் மூன்று மாதத்துக்கு இடம் இருக்கிறது என்ற நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் என் மாமனார். அவருடைய மகள் இறந்தபோது ஒரு பெட்டியோடு வந்தவர், காரியம் முடிந்தும் போகவில்லை. போங்கள் என்று நான் சொல்லவில்லை, இருக்கிறேன் என்று அவரும் சொல்லவில்லை. அவர் மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஆண்களும் ஒரு பெண் குழந்தையும். பக்கத்து வீட்டுக்காரர் எங்களை 'லாட்ஜ்' என்று சொல்வார். எங்கள் காதில் விழும்படித்தான் சொல்வார்.

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது, அளவை வைப்பது. ஷிஃப்ட் வேலை. குட்டியைப் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் சோறு ஊட்டுவதும் மாமா. அவர் நடந்தால்தான் நான் வேலைக்குப் போகலாம். அவருடைய விரல் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு விரல்.

என் மனைவிக்குச் சர்க்கரை வந்தது பத்தொன்பது வயதில். ஊசி இல்லாமல் உடம்பு நிற்காத வகை. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். ஒரு மழைக்காலத்தில் இன்சுலின் வரத்து நின்றது. எந்தக் கடையிலும் இல்லை. இருந்ததை நீட்டி நீட்டிப் போட்டாள். அப்புறம் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவள் இல்லை.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அவள் மருந்து வைக்கும் வெள்ளை டப்பா அப்படியே இருந்தது. நான் திறக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. பால் எடுக்கும்போது கண் அந்தப் பக்கம் போகாமல் எடுக்கப் பழகியிருந்தேன்.

மாமாவுக்கு ஏன் இறங்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. இனிப்பைத் தொடமாட்டார். டீக்குச் சர்க்கரை போட்டுவிட்டால் கடைக்காரரோடு சண்டைக்கு நிற்பார். குட்டி மிட்டாயை நீட்டினால் காகிதத்தை மட்டும் வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்.

அன்று சாயங்காலம் நான் வந்தபோது குட்டியை மடியில் வைத்துக்கொண்டு விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஸ்கூல்ல எத்தனை தடவை தண்ணி குடிச்சே?"

"நிறைய."

"நிறையன்னா?"

"மிஸ் திட்டுற அளவுக்கு."

"ஒண்ணுக்கு?"

"அதுக்கும் திட்டினாங்க."

மாமா அவளை இறக்கிவிட்டு எழுந்தார். குளியலறைக்குள் போய், கட்டுப் போட்ட காலை நீட்டிவைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் குந்தி, தண்ணீர் போகும் ஓட்டையை உற்றுப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"எறும்பு வருதான்னு பார்த்தேன்."

"வந்தா பவுடர் போட்டுடலாம்."

"வரலை" என்றார். சுவரைப் பிடித்து எழுந்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் எதையும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. நான் வேலையிலிருந்து வந்தால் வீடெல்லாம் தண்ணீர். மாமா வாளி நிறைய ஐஸ் கொண்டுவந்து உள்ளே அடுக்கியிருந்தார். அந்தக் காலோடு மீன் கடைத் தெரு வரைக்கும் போய் வந்திருக்கிறார்.

"ஒரு பாக்கெட் பாலுக்கா மாமா இவ்வளவு ஐஸ்?"

"பாலும் ஒரு பொருள்தானே. கெட்டுப்போக விடலாமா?"

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். வாய் ஓயாத மனிதர். வந்ததும் ஃப்ரிட்ஜின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது என் கல்யாணத்துக்கு முன்னாடி வந்த மாடல். ரெண்டும் ஒரே மாதிரிதான் ஓடுது" என்றார். உள்ளே இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னார்.

"மேல் தட்டு மட்டும் எடுத்தா போதாதா?" என்றார் மாமா.

"பெரியவரே, சாய்க்கணும். கீழ இருக்கறது மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குமா?"

"மெதுவா சாய்ப்பா."

"மெதுவா சாய்ச்சா மெதுவா விழும். என்ன உள்ள, புதையலா?"

மாமா ஃப்ரிட்ஜுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே அவர் தோளுக்கு மேல் கையை விட்டு வெள்ளை டப்பாவை இழுத்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் டப்பா கனத்தில் சாய்ந்து மூடி கழன்று விழுந்தது.

"அடேயப்பா. மெடிக்கல் ஷாப்பே வச்சிருக்கீங்களே சார்."

திரும்பிப் பார்த்தேன். அவளுடையவை எதுவும் அதில் இல்லை. பாட்டில் பாட்டிலாக இன்சுலின், புதிய அட்டைப் பெட்டிகளில், மையத்தின் பச்சை ஸ்டிக்கரோடு. தேதி வாரியாக அடுக்கி, ஈரம் படாமல் நெகிழிப் பையில் சுற்றியிருந்தது. நான் அந்த டப்பாவைத் தொடமாட்டேன் என்று தெரிந்தவர்தான் அதை அங்கே வைத்திருக்க முடியும்.

மாமா வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். பிறகு நானும் படிக்கட்டுக்குப் போனேன்.

"என்ன மாமா இது?"

"தெரியலையா? படிச்சவர்தானே நீங்க."

"எவ்வளவு போட்டுக்குறீங்க?"

"பத்து."

"முப்பத்தாறுக்குப் பத்தா?"

"வண்டி ஓடுது இல்ல?"

"மீதி யாருக்கு?"

உள்ளே பார்த்தார். குட்டி மெக்கானிக் விட்டுப்போன பழைய ரப்பர் பட்டையைத் தலையில் கிரீடமாக மாட்டிக்கொண்டு சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ அம்மாவுக்கும் பத்தொம்பது வயசு வரைக்கும் ஒண்ணும் இல்ல மாப்ளே. ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்கினவ. ஒரு மாசம் தண்ணி தண்ணின்னு குடிச்சா. வெயில்னு நெனச்சோம்." கட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்த மழையில கடை கடையா ஏறி இறங்கினோமே, ஞாபகம் இருக்கா? கையில காசு இருந்துச்சு. பொருள் இல்ல. இனிமே அப்படி ஒரு கடைவாசல்ல நான் நிக்கமாட்டேன்."

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல மாமா."

"இன்னைக்கு இல்ல."

"இதெல்லாம் தேதி முடிஞ்சா கெட்டுப்போயிடும்."

"பழசை நான் போட்டுக்குறேன், புதுசை உள்ள வைக்குறேன். என்னைக் கூமுட்டைன்னு நெனச்சீங்களா? பஸ்ஸுல காலையில ஏறும்போதே கடைசி ட்ரிப்புக்குச் சில்லறையைத் தனியா முடிஞ்சு வச்சிடுவேன். நடுவுல எவன் கேட்டாலும் இல்லைன்னுடுவேன். பையை நிறைய வச்சுக்கிட்டு இல்லைங்கறான் பாருன்னு திட்டுவாங்க. திட்டட்டும். கடைசி ட்ரிப்புல இல்லைன்னா சட்டையைப் பிடிப்பான்." படியிலிருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டார். "எண்ணு ஏற ஏற டாக்டரம்மாவே கூட்டிக் குடுத்தாங்க. நானா கேக்கலை."

அவர் முகத்தில் லேசான பெருமைகூட இருந்தது.

"அந்த எறும்பு?"

"ஒண்ணுக்குல சர்க்கரை போனா அங்க எறும்பு மொய்க்கும். மிஷினெல்லாம் வர்றதுக்கு முன்னாடி அப்படித்தானே கண்டுபிடிச்சாங்க."

எனக்குக் கோபம் வந்தது. வந்தது ஆச்சரியமாக இருந்தது. அவள் போனதிலிருந்து எதுவுமே வந்ததில்லை. எரிச்சல், பசி, தூக்கம், எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோலத்தான் இருந்தன.

"கால் போனா குட்டியை யார் கூட்டிட்டு வருவா? அவளுக்கு வராத நோய்க்கு மருந்து சேர்க்குறீங்க. உங்களுக்கு வந்த நோய்க்கு யார் போடுவா? இடம் போச்சுன்னா உங்களுக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல."

தெருவில் போனவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். குட்டி சுவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"நாளைக்குக் காலையிலருந்து என் முன்னாடிதான் ஊசி. எழுதிக் குடுத்த அளவு. ஒரு யூனிட் குறையக் கூடாது."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி" என்றார். "செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை. சிரிஞ்சில் நானே நிரப்பினேன். முப்பத்தாறு. காற்றுக் குமிழி இல்லாமல் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் கொடுத்தேன். மாமா பனியனைத் தூக்கினார்.

"இவ்வளவா?" என்றார்.

"எழுதிக் குடுத்தது."

போட்டுக்கொண்டார். என் மேல் கோபம். தட்டில் வைத்ததைப் பாதி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். நான் கட்டாயப்படுத்தவில்லை. குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரைக்கு நல்லதுதான் என்று அந்த நேரத்தில் தோன்றியது. துணி ஊறப் போட்டிருந்தேன். கொல்லைப்பக்கம் போய்த் துவைக்க ஆரம்பித்தேன். நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாகச் செய்த மாதிரி இருந்தது.

குட்டி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, தாத்தா மழையில நனைஞ்சுட்டாரு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஓடினேன்.

மாமா நாற்காலியில் இருந்தார். பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. கை காற்றில் எதையோ தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள போ, உள்ள போ. படியில நிக்காதே" என்றார் காலி அறையைப் பார்த்து.

"மாமா."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை.

"எங்க இறங்கணும்?" என்றார்.

இது என்னவென்று எனக்குத் தெரியும். குட்டியின் அம்மாவுக்கு இரண்டு மூன்று முறை வந்திருக்கிறது. சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். டம்ளரைத் தட்டிவிட்டார். டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டு வம்பு பண்ணுகிறான் என்று யாரிடமோ புகார் சொன்னார். குட்டியைச் சர்க்கரை டப்பாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, விரலில் ஈரச் சர்க்கரையைத் தொட்டு அவர் கன்னத்தின் உட்புறம் தேய்த்தேன். கடித்தார். மறுபடி தேய்த்தேன். குட்டி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழாமல், வாயைத் திறந்தபடி நின்றாள். மூச்சு விடுகிறாளா என்று அவளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க ஆரம்பித்தார். பிறகு மறுபடி கரைத்து நீட்டிய டம்ளரைத் தானே வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் மாப்ளே, பனியன் ஈரமா இருக்கு?" என்றார்.

அப்போதுதான் தரையில் உட்கார்ந்தேன்.

எங்கள் நிலையத்தில் குளோரின் குறைவாகக் காட்டினால் உடனே அளவைக் கூட்டக் கூடாது. முதலில் பம்ப் தள்ளுகிறதா, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் கூட்டிக்கொண்டே போனால், அடைப்பு விடுகிற நாளில் ஊர் முழுக்கக் குழாயில் நெடி அடிக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லித் தருகிறேன். முப்பத்தாறு என்பது பத்து போட்டுக்கொண்டவருக்காக ஏறி ஏறி வந்த எண். அந்த உடம்புக்கு அளந்த அளவே அல்ல. அடைப்பை நேற்று நான் எடுத்தேன். இன்று முழு அளவையும் திறந்துவிட்டேன்.

மாமா தேறி, சாப்பிட்டு, சட்டை மாற்றிய பிறகு பேசினோம்.

"நாளைக்கு மையத்துக்குப் போறோம். டாக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொல்றோம்" என்றேன்.

"பலகையைப் படிச்சீங்க இல்ல? சேர்த்து வச்சவன் பேரை அடிச்சிடுவாங்க."

"பத்து போட்டா கால் போகுது. முப்பத்தாறு போட்டா ஆளே போறார். நடுவுல எதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். உண்மையைச் சொல்லாம அவங்களும் கண்டுபிடிக்க முடியாது."

"நீங்களே பதினஞ்சு, இருபதுன்னு பார்த்துப் போட்டுவிடுங்க. ஊருக்கே தண்ணிக்கு மருந்து போடுறவர்தானே."

"தண்ணி செத்துப்போகாது மாமா."

அன்று சாயங்கால ஊசியைப் போடவில்லை. மையத்தின் எண்ணுக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. மருந்துக்கடையில் ஒரு மீட்டர் வாங்கி வந்து, அவர் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவதைப் பார்ப்பது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை குட்டியைப் பள்ளியில் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் ஐஸ் பைக்கு மாற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மாமா வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்டக்டர் பையன் ஒரு கிழவிக்குச் சில்லறை இல்லை என்று சொன்னபோதுகூடத் திரும்பவில்லை.

மருந்துச் சன்னலில் சிஸ்டர், "இன்னைக்கு உங்க தேதி இல்லையே" என்றாள்.

"திருப்பிக் குடுக்க வந்திருக்கோம்."

"திருப்பிக் குடுக்கவா?" அவள் எங்களுக்குப் பின்னால் வளைந்து போன வரிசையைப் பார்த்தாள். "நான் இங்க வந்த நாள்லருந்து இந்த வார்த்தையைக் கேட்டதில்ல."

டாக்டரம்மா பையைத் திறந்து பாட்டில்களை எண்ணினார். மாமாதான் பேசினார். பத்து யூனிட், டப்பா, குட்டி, எறும்பு, நேற்றைய வியர்வை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றார்.

"தலையாட்டினார் இல்ல?" என்றார் டாக்டரம்மா என்னைப் பார்க்காமலே. பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "எழுதினது என் கை. நேத்து உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்தத் தாள்ல என் கையெழுத்துதான் இருந்திருக்கும். நீங்க ஒருத்தர் மட்டும்னு நெனைக்காதீங்க. எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜுல இப்படி இருக்கோ. நான் பாட்டுக்குக் கூட்டிக்கிட்டே போறேன்."

"பேரை அடிச்சிடுவீங்களாம்மா?"

"விதிப்படி அடிக்கணும்."

மாமா தலையைக் குனிந்து கட்டைப் பார்த்தார்.

"நான் மேல எழுதுறேன். நடந்ததை நடந்தபடி எழுதுறேன். அவரே வந்து சொன்னார்னும் எழுதுறேன். இன்னும் ஒரு தவணை குடுங்கன்னு கேக்குறேன். குடுப்பாங்களான்னு தெரியாது. பதில் வர்ற வரைக்கும் மருந்து உண்டு. இனிமே காலி பாட்டிலைக் கொண்டுவந்தாத்தான் புது பாட்டில்." முப்பத்தாறை அடித்துப் பதினாறு என்று எழுதினார். தினமும் விரலில் குத்திப் பார்த்து எண்ணைப் போனில் சொல்லச் சொன்னார். புண்ணைப் பிரித்துப் பார்த்தார். பாதத்தை அழுத்தி, "தெரியுதா?" என்றார். "தெரியலை" என்றார் மாமா. டாக்டரம்மா புதுக் கட்டுப் போட்டார்.

"என் பேத்திக்கு வந்துச்சுன்னா இங்க இடம் உண்டா?" என்றார் மாமா.

"வரணும்னு இல்ல. வரவும் செய்யலாம். சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டர்ல பாருங்க. எறும்பை வேலைக்கு வைக்காதீங்க."

"வந்தா?"

"இடம் இருந்தா உண்டு."

"உறுதியாம்மா?"

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "அடுத்த வருஷம் இந்தத் திட்டம் இருக்குமான்னே எனக்கு உறுதி இல்லைங்க ஐயா."

மருந்துச் சன்னலில் பையைக் காலி செய்தோம். பாட்டில்களைச் சிஸ்டர் சிவப்பு மூடி போட்ட வாளிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். இவற்றை யாருக்குக் கொடுப்பீர்கள் என்று மாமா கேட்டார்.

"யாருக்கும் குடுக்க முடியாது. வீட்டுக்குப் போன மருந்து. ஃப்ரிட்ஜ் நின்னுதுன்னு வேற சொல்றீங்க. அழிச்சிடுவோம்."

"அழிக்கவா?" என்றார் மாமா. "வெளியில இத்தனை பேர் நிக்குறாங்களேம்மா."

"வேலை செய்யுமான்னு தெரியாததை எப்படிங்க குடுக்குறது? நீங்களே சொல்லுங்க."

மாமா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் எடுத்து வைத்தேன். பச்சை ஸ்டிக்கர், பச்சை ஸ்டிக்கர். கை பாட்டுக்கு வேலை செய்தது.

வாசலில் பலகைக்குக் கீழே மாமா நின்றிருந்தார். போகலாம் என்றேன். அவர் நகரவில்லை.

"சட்டைப் பையில என்ன மாப்ளே?"

குனிந்து பார்த்தேன். ஒரு பாட்டில். எப்போது வைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சட்டை அந்த இடத்தில் ஈரமாகிச் சில்லென்று இருந்தது.

"ஒண்ணுதான் மாமா" என்றேன்.

"ஒண்ணு அவளுக்கு எத்தனை நாளைக்கு வரும்?"

அவளுக்கு என்று யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கணக்கு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டேன். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மாமா என் முன்னால் நகர்ந்து நின்று தெருவை மறைத்துக்கொண்டார். தோளைத் தொடவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை.

நான் மூக்கைத் துடைத்ததும் கையை நீட்டினார்.

"குடுங்க."

"இருக்கட்டும் மாமா. ஒரு பாட்டில்தானே."

"இது வீட்டுல இருந்தா நான் மறுபடி பத்துக்கு இறங்கிடுவேன். ஒண்ணு இருக்கு, ரெண்டாக்கிடலாம்னு தோணும். என்னை எனக்குத் தெரியும். குடுங்க."

கொடுத்தேன். அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, கட்டுப் போட்ட காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போனார். நேராகச் சன்னலுக்கு.

"பெரியவரே, வரிசை!" என்றது ஒரு குரல்.

"வாங்க வரலைப்பா. குடுக்க வந்திருக்கேன்."

"எல்லாரும் இப்படித்தான் எதையாவது சொல்லிட்டு உள்ள பூந்துடுறாங்க. எதுவா இருந்தாலும் வரிசையில வாங்க."

மாமா அந்த ஆளை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வரிசையில் நிறுத்தியவர். திரும்பிக் கடைசிக்கு நடந்தார். வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் வளைந்திருந்தது. வலது காலில் பாரத்தைக் கொடுத்து நின்றுகொண்டு பாட்டிலை நிழலுக்காகச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டார். நான் போய் அவருடைய இடது பக்கம் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் மேல் சாய்ந்துகொண்டார்.